டை முடிச்சு: எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிக் கட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம்பஸ் இன்டர்வியூ, கல்யாண ரிசப்ஷன், மருந்துக் கம்பெனி விற்பனை வேலை, ஓட்டல் வரவேற்பு மேசை என்று நம்மில் பலர் முதன்முதலாக டை கட்டுவது ஏதோ ஓர் அவசரத்தில்தான். கண்ணாடி முன்னால் நின்று கை நடுங்கக் கட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் நண்பனைக் கூப்பிடுவோம். இந்தப் பக்கத்தைப் படித்தால் அந்த நண்பன் தேவைப்படமாட்டான்.

கீழே வரும் விளக்கங்களில் பெரிய முனை என்றால் டையின் அகலமான பக்கம், சின்ன முனை என்றால் குறுகலான பக்கம். வலம், இடம் என்பதெல்லாம் கட்டிக்கொள்பவரின் வலம், இடம். கண்ணாடியில் பார்க்கும்போதும் உங்கள் வலக்கை இருக்கும் பக்கம் வலமாகவே தெரியும். வீடியோவில் ஒருவர் எதிரே நின்று கட்டிக்காட்டும்போதுதான் பக்கம் மாறும். பலர் குழம்புவது அதனால்தான். கையால் கட்டிப் பழகுபவருக்குக் கண்ணாடிதான் நல்ல வாத்தியார்.

மொத்தம் எத்தனை முடிச்சுகள் இருக்கின்றன? எத்தனை தெரிந்தால் போதும்?

1999-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர்கள் தாமஸ் ஃபிங்க், யோங் மாவ் இருவரும் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார்கள். பெரிய முனை ஒவ்வொரு தடவையும் இடம், வலம், நடு என மூன்று திசைகளில் ஒன்றுக்குத்தான் போக முடியும். ஒன்பது அசைவுகளுக்குள் முடிக்க வேண்டும் என்று வைத்தால் 85 முடிச்சுகள்தான் சாத்தியம் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சின்ன முனையால் சுற்றிப் பின்னல் போலக் கட்டும் எல்ட்ரெட்ஜ் மாதிரியான அலங்கார முடிச்சுகளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. பிறகு வேறொரு ஆய்வுக்குழு விதிகளைத் தளர்த்தி எண்ணியபோது தொகை 2,66,682-க்குப் போனது.

நமக்கு ஒன்று போதும். ஒன்றை வாழ்நாள் முழுவதும் நன்றாகக் கட்டுகிறவர், ஐந்தை அரைகுறையாகத் தெரிந்தவரைவிட எப்போதும் நேர்த்தியாகவே இருப்பார். அகலக் காலர் சட்டை அடிக்கடி போடுபவராக இருந்தால் இரண்டாவதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் எதைக் கற்றுக்கொள்வது?

ஃபோர் இன் ஹேண்ட். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலிருந்து வந்தது. நான்கு அசைவில் முடிந்துவிடும். பள்ளியில் அண்ணன்மார் தம்பிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான், பெயர் தெரியாமலே.

காலரைத் தூக்கிவிட்டு, மேல் பட்டனைப் போட்டுக்கொள்ளுங்கள். டையின் தையல் உடம்புப் பக்கம் இருக்க, பெரிய முனை வலப்பக்கம் தொங்கட்டும். சின்ன முனையைவிட அது சுமார் ஓர் அடி கீழே இருக்க வேண்டும். பெரிய முனையைச் சின்னதன் மேலாக இடப்பக்கம் கொண்டுபோங்கள். சின்னதன் அடியில் விட்டு வலப்பக்கம் எடுங்கள். மறுபடியும் மேலாக இடப்பக்கம். இந்தச் சுற்றுதான் முடிச்சின் முகம், அதனால் துணி சுருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, பெரிய முனையைக் கழுத்து வளையத்துக்குள் அடியிலிருந்து மேலே எடுங்கள். கடைசியாக, முகத்தில் குறுக்கே ஓடும் பட்டைக்குள் விட்டுக் கீழே இழுங்கள். ஒரு கையால் சின்ன முனையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முடிச்சை மேலே தள்ளினால் காலரோடு போய் உட்காரும்.

முதல் நாளே சரியாக வராது. இரவில் டிவி பார்த்துக்கொண்டே பத்துப் பன்னிரண்டு முறை கட்டி அவிழ்த்துப் பாருங்கள், கை தானாகப் பழகிவிடும்.

நான் கட்டினால் முடிச்சு ஒரு பக்கமாகச் சாய்கிறதே?

சாயத்தான் செய்யும். ஃபோர் இன் ஹேண்ட் இயல்பிலேயே சமச்சீர் இல்லாத முடிச்சு. ஒரு தோள் கொஞ்சம் சரிந்தது போல இருக்கும். அதைக் குறையாக நினைத்து இழுத்து இழுத்து நிமிர்த்துபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அந்தச் சாய்வுதான் அதற்கு அழகு. கையால் கட்டியது என்று அது சொல்கிறது.

ஆனால் முடிச்சே நடுவிலிருந்து விலகி, மேல் பட்டன் வெளியே தெரிந்தால் அது வேறு விஷயம். பெரும்பாலும் சட்டையின் கழுத்தளவு பெரிதாக இருப்பதுதான் காரணம். எந்த முடிச்சும் அதைச் சரிசெய்யாது.

காலருக்கும் முடிச்சுக்கும் என்ன சம்பந்தம்?

எல்லாச் சம்பந்தமும் அங்கேதான் இருக்கிறது. முகத்துக்கு எந்த முடிச்சு பொருந்தும், உடல்வாகுக்கு எது பொருந்தும் என்று பலர் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, எந்தச் சட்டை போடப்போகிறீர்கள் என்றுதான்.

காலரின் இரு நுனிகளுக்கும் நடுவில் ஒரு முக்கோண இடைவெளி இருக்கிறதல்லவா, முடிச்சு அதை நிரப்ப வேண்டும், ஆனால் காலர் நுனிகளைத் தூக்கிவிடக் கூடாது. நுனிகள் கீழ்நோக்கி நெருக்கமாக இருக்கும் பாயின்ட் காலருக்குச் சின்ன முடிச்சுதான் சரி, அதாவது ஃபோர் இன் ஹேண்ட். நம் ஊர் ரெடிமேட் ஃபார்மல் சட்டைகளில் அதிகம் கிடைக்கும், ஓரளவு விரிந்த காலருக்கு ஃபோர் இன் ஹேண்டும் ஒத்துவரும், அதைவிடச் சற்றுப் பெரிய, ஏறக்குறைய சமச்சீரான ஹாஃப் விண்ட்சர் முடிச்சும் (கட்டும் முறை கீழே) ஒத்துவரும். நுனிகள் பின்னோக்கி ஓடும் கட்அவே காலரில் ஃபோர் இன் ஹேண்ட் கட்டினால் இரு பக்கமும் டையின் பட்டை வெளியே தெரியும். தடித்த துணியாக இருந்தால் அதுவும் நன்றாகவே இருக்கும், மெல்லிய டை என்றால் ஹாஃப் விண்ட்சருக்குப் போங்கள். நுனியில் பட்டன் வைத்த காலருக்குப் பெரிய முடிச்சு வேண்டவே வேண்டாம், பட்டன்கள் இழுபட்டுக் காலர் புடைத்துக்கொள்ளும். சைனீஸ் காலருக்கு டையே கிடையாது.

இன்னொன்று, துணியின் தடிமன். தடித்த பட்டு டையில் ஃபுல் விண்ட்சர் என்ற பெரிய முடிச்சைக் கட்டினால் தொண்டையில் ஒரு பந்து உட்கார்ந்திருக்கும். மெல்லிய பாலியஸ்டர் டையில் ஃபோர் இன் ஹேண்ட் கட்டினால் முடிச்சு காணாமலே போகும். சட்டைக் காலரையும் டைத் துணியையும் பார்த்துவிட்டால் முடிச்சு ஏறக்குறைய முடிவாகிவிட்டது. முகவாகு, கழுத்தின் நீளம் எல்லாம் அதற்கப்புறம்தான்.

ஹாஃப் விண்ட்சர் எப்படிக் கட்டுவது?

தொடக்கம் அதேதான், பெரிய முனை வலப்பக்கம். ஆனால் இந்த முடிச்சு நீளம் அதிகம் தின்னும் என்பதால் இன்னும் ஓரிரு அங்குலம் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். பெரிய முனை மேலாக இடப்பக்கம் போகட்டும். அடியில் நுழைந்து வலப்பக்கம் வரட்டும். இப்போது அதை மேலே தூக்கி, கழுத்து வளையத்தின் மேலிருந்து உள்ளே விட்டு இடப்பக்கமாகக் கீழே இழுங்கள். அப்புறம் முன்பக்கம் குறுக்காக வலப்பக்கம் கொண்டுபோங்கள், இதுதான் முகம். கழுத்து வளையத்துக்குள் அடியிலிருந்து மேலே எடுத்து, முகப்பட்டைக்குள் விட்டுக் கீழே இழுத்தால் முடிந்தது.

ஏறக்குறைய சமச்சீரான முக்கோணம் கிடைக்கும். எளிதில் தளராது. இன்டர்வியூ, ரிசப்ஷன் போல பல மணி நேரம் அவிழ்க்காமல் இருக்க வேண்டிய இடங்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

ஃபுல் விண்ட்சர்தானே கௌரவமானது?

அப்படி ஒரு நம்பிக்கை இருக்கிறது. 1936-ல் பிரிட்டிஷ் அரியணையைத் துறந்து, பின்னர் விண்ட்சர் கோமகன் ஆன எட்டாம் எட்வர்டின் பெயரில்தான் அந்த முடிச்சு வழங்குகிறது. அவருடைய டை முடிச்சு தடிப்பாகவும் அகலமாகவும் இருந்ததைப் பார்த்து, அதேபோல வர வேண்டும் என்று மக்கள் கண்டுபிடித்த வழி அது. அவரோ அந்த முடிச்சைக் கட்டவில்லை. டைக்குள் வழக்கத்தைவிடத் தடித்த லைனிங் வைத்துத் தைக்கச் சொல்லி, சாதாரண ஃபோர் இன் ஹேண்டையே கட்டினார். தடிப்பு துணியிலிருந்து வந்தது, சுற்றிலிருந்து அல்ல. துணிதான் பாதி முடிச்சு என்று மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

கட்டுவது எப்படி என்று கேட்டால்: மேலாக இடப்பக்கம், வளையத்துக்குள் அடியிலிருந்து மேலே, மீண்டும் இடப்பக்கமே கீழே, சின்னதன் பின்னால் வலப்பக்கம், மேலே தூக்கி வளையத்துக்குள் விட்டு வலப்பக்கம் கீழே, முன்னால் குறுக்காக இடப்பக்கம், வளையத்துக்குள் அடியிலிருந்து மேலே, முகப்பட்டைக்குள் கீழே. நன்றாக விரிந்த காலர், மெல்லிய டை, பெரிய முகம், தடித்த கழுத்து ஆகியவை சேர்ந்து அமைந்தவருக்கு எடுப்பாக இருக்கும். ஒல்லியான கல்லூரி மாணவர் இதைக் கட்டிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனால் எதிரே இருப்பவருக்கு முடிச்சுதான் முதலில் தெரியும், முகம் பிறகுதான்.

நுனி எதுவரை வர வேண்டும்? எனக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் நிற்கிறது.

பெரிய முனையின் கூர்நுனி பெல்ட் பக்கிளைத் தொட வேண்டும். தொப்புளுக்கு மேலே நின்றால் பள்ளிப் பிள்ளை மாதிரி இருக்கும், பக்கிளைத் தாண்டித் தொங்கினாலும் நன்றாக இராது. சின்ன முனை பெரியதற்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும்.

நுனி ஒவ்வொரு நாளும் மாறுவதற்குக் காரணம் தொடக்கம்தான். ஒருமுறை சரியாக அமைந்ததும் அவிழ்ப்பதற்கு முன்னால், சின்ன முனையின் நுனி சட்டையின் எத்தனையாவது பட்டனுக்கு நேரே இருக்கிறது என்று பார்ப்பதில் பயனில்லை, முடிச்சுக்குள் போனபின் அது மாறிவிடும். அவிழ்த்து, முனைகளைத் தொங்கவிட்ட நிலையில் பாருங்கள். நான்காவது பட்டன் என்றால் நாளையும் அங்கிருந்தே தொடங்குங்கள். ஒவ்வொரு டையும் நீளத்தில் கொஞ்சம் மாறும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். கண்ணாடி இல்லாத இடத்திலும் கட்டிவிடலாம்.

நான் ஆறடிக்கு மேல். எந்த டையும் பக்கிள் வரை வருவதில்லை.

கடையில் கிடைக்கும் டை பொதுவாக 57, 58 அங்குல நீளம்தான், அதாவது சுமார் 147 செ.மீ. உயரமானவர்களுக்கும் தொந்தி உள்ளவர்களுக்கும் அது பற்றாது. கூடுதல் நீளமான டை தேடி வாங்கலாம். கையில் இருப்பதையே வைத்துச் சமாளிக்க வேண்டுமென்றால் ஃபோர் இன் ஹேண்ட் அல்லது பிராட் முடிச்சு கட்டுங்கள், இரண்டும் நீளத்தை மிச்சப்படுத்தும்.

பிராட் முடிச்சுக்கு ஒரு நல்ல கதை உண்டு. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் டான் ஷெல்பி என்ற டிவி செய்தி வாசிப்பாளருக்கு, ஜெர்ரி பிராட் என்ற முதியவர் தான் வெகுகாலமாகக் கட்டிவந்த முடிச்சைச் சொல்லிக்கொடுத்தார். 1989-ல் பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின. ஷெல்பி முடிச்சு என்றும் சொல்கிறார்கள். அதன் விசேஷம், டையைத் திருப்பிப் போட்டு, தையல் வெளியே தெரியும்படி தொடங்குவது. வலப்பக்கம் இருக்கும் பெரிய முனையைச் சின்னதன் அடியில் இடப்பக்கம் கொண்டுபோய், மேலே தூக்கிக் கழுத்து வளையத்துக்குள் விட்டு, இடப்பக்கமே கீழே இழுத்து இறுக்குங்கள். பின் முன்னால் குறுக்காக வலப்பக்கம், வளையத்துக்குள் அடியிலிருந்து மேலே, முகப்பட்டைக்குள் கீழே. ஹாஃப் விண்ட்சர் அளவுக்குச் சமச்சீராக வரும், நீளமும் குறைவாகவே செலவாகும். சின்ன முனை மட்டும் திரும்பிய நிலையிலேயே இருக்கும், பெரிய முனை அதை மறைத்துவிடும்.

குள்ளமானவர்கள் இதற்கு நேர்மாறாக, ஒரு சுற்று அதிகமுள்ள முடிச்சைக் கட்டி நீளத்தைக் குறைக்கலாம்.

முடிச்சுக்குக் கீழே சிலருக்கு அழகாக ஒரு குழி விழுகிறதே, அது எப்படி?

கடைசியாகப் பெரிய முனையைப் பட்டைக்குள் விட்டுக் கீழே இழுப்பீர்கள் அல்லவா, முழுதும் இறுக்குவதற்கு முன்னால் நிறுத்துங்கள். முடிச்சின் வாயருகே துணியின் நடுவில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தி, இரு ஓரங்களையும் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் உள்நோக்கிக் கிள்ளிக்கொள்ளுங்கள். அந்தப் பிடி விடாமல் மெதுவாக இறுக்குங்கள். குழி தானாக நிற்கும். டை கட்டுவதில் எனக்கு மிகவும் பிடித்த நொடி இதுதான். ஐந்து விநாடி வேலை, ஆனால் இருநூறு ரூபாய் டையும் இதனால் எடுப்பாகிவிடும். முரட்டுத் தடிப்பான துணியிலும் பின்னல் டையிலும் குழி விழாது, வற்புறுத்த வேண்டாம்.

மாப்பிள்ளைக்கோ தம்பிக்கோ நான் கட்டிவிட வேண்டும். எதிரே நின்றால் எல்லாம் தலைகீழாகிறது.

எதிரே நிற்காதீர்கள். அவருக்குப் பின்னால் நின்று, இரு கைகளையும் தோள்வழியே முன்னால் கொண்டுவந்து, இருவரும் கண்ணாடியைப் பார்த்தபடி கட்டுங்கள். உங்கள் கை பழகிய திசை மாறாது. உயரம் ஒத்துவராவிட்டால் அவரை நாற்காலியில் உட்கார வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் உங்கள் கழுத்தில் கட்டி, தளர்த்தி, தலைவழியே எடுத்து அவருக்குப் போட்டு இறுக்கலாம். ஆனால் உங்களுக்கு அளவாக இருந்த நுனி அவருக்கு அப்படி இருக்காது, இரண்டாம் முறை கட்ட நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிசப்ஷனில் மாலை போட்டால் டை என்ன ஆகும்?

நம் ஊர் மாப்பிள்ளைகளுக்கு மட்டுமே உள்ள சிக்கல் இது. கோட்டு சூட்டு போட்டபின் கனமான ரோஜா மாலை கழுத்தில் விழும். அதன் எடையில் முடிச்சு நசுங்கும், பூவில் தெளித்த தண்ணீர் பட்டுத் துணியில் திட்டுத்திட்டாகக் கறை விடும். வெளிர்நிறப் பட்டு டையாக இருந்தால் அன்றே அதன் ஆயுள் முடிந்தது. அடர்நிறத்தில் நல்ல மைக்ரோஃபைபர் டை வாங்கிக்கொள்ளுங்கள், ஹாஃப் விண்ட்சர் கட்டுங்கள், மாலையைக் கழற்றியதும் போட்டோ எடுப்பதற்கு முன்னால் முடிச்சைப் பார்த்துச் சரிசெய்ய ஒரு நண்பரை மேடையருகே நிறுத்துங்கள். கோட்டின் பட்டனைப் போட்டு வைத்தால் டை மாலையோடு இழுபடாது.

எவ்வளவு இறுக்கலாம்?

முடிச்சு காலரைத் தொட வேண்டும், கழுத்தை நெரிக்கக் கூடாது. மேல் பட்டன் போட்டபின் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் ஒரு அளவு பெரிய சட்டை வாங்குங்கள். 2003-ல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், டையை இறுக்கிக் கட்டியபோது கண்ணழுத்தம் ஏறியது பதிவானது. கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் இதை அசட்டை செய்யக் கூடாது.

சில இடங்களில் டையே கூடாது. லேத், டிரில்லிங் மெஷின் ஓடும் பட்டறையில் தொங்கும் துணி உயிருக்கு ஆபத்து. பிரிட்டனில் நோயாளிகளைத் தொட்டுச் சிகிச்சை தரும் டாக்டர்கள் டை கட்ட வேண்டாமென்று 2007-ல் அரசே வழிகாட்டுதல் தந்தது, அடிக்கடி துவைக்காத துணி கிருமியைச் சுமக்கும் என்பதால்.

பள்ளிக்கூட டை எலாஸ்டிக்கில் வருகிறது. பிள்ளைக்குக் கட்டக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?

சின்ன வகுப்புகளுக்கு எலாஸ்டிக்கோ ஜிப்போ இருப்பதே நல்லது. ஓடிப் பிடித்து விளையாடும்போது யாராவது இழுத்தால் இறுகாது. ஷூ லேஸ் தானே கட்டத் தெரிந்த வயதில் ஃபோர் இன் ஹேண்டைச் சொல்லிக்கொடுக்கலாம். பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாகக் கற்றுக்கொள்வார்கள்.

வக்கீல்கள் கட்டுவதும் டைதானா?

இல்லை. கறுப்புக் கோட்டுக்கு முன்னால் இரண்டு வெள்ளைப் பட்டைகளாகத் தொங்குவது நெக்பேண்ட். முடிச்சு கிடையாது, பின்னால் மாட்டிக்கொள்வது.

டை கிளிப் எங்கே போடுவது?

சட்டையின் மூன்றாம், நான்காம் பட்டனுக்கு இடையில். டையின் இரு முனைகளையும் சட்டையின் பட்டன் பட்டியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், டையை மட்டும் பிடித்தால் பயனில்லை. டையின் அகலத்தைவிட கிளிப் நீளமாக இருக்கக் கூடாது.

முதல் டை வாங்கப் போகிறேன். என்ன பார்த்து வாங்குவது?

கருநீலம் அல்லது மெரூன், வேலைப்பாடு இல்லாதது அல்லது சின்னப் புள்ளி வைத்தது. சட்டையைவிட அடர்த்தியான நிறம். அகலம் மூன்று முதல் மூன்றரை அங்குலம், கோட்டின் மடிப்புக் காலர் அகலத்துக்கு ஒத்துப்போக வேண்டும். கோடு போட்ட டை வாங்கிக்கொண்டு பிரிட்டனுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே பல கோட்டு டைகள் குறிப்பிட்ட ராணுவப் பிரிவுக்கோ பள்ளிக்கோ கிளப்புக்கோ உரியவை. அந்த அமைப்பில் இல்லாதவர் கட்டுவது தப்பாகப் பார்க்கப்படும்.

கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். டையின் நடுப்பகுதியைக் கையில் போட்டுத் தொங்கவிடுங்கள். நேராகத் தொங்கினால் நல்லது. முறுக்கிக்கொண்டு சுழன்றால் துணியைச் சரியாக வெட்டவில்லை. நல்ல டைத் துணியை இழைக்கு 45 டிகிரி சாய்வாக வெட்டுவார்கள். நியூயார்க்கில் டை தைத்துவந்த ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் 1920-களில் அப்படிச் சாய்த்து வெட்டி மூன்று துண்டாகச் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கட்டி அவிழ்த்தபின் டை பழைய வடிவுக்குத் திரும்புவது அந்தச் சாய்வால்தான்.

முடிச்சை அவிழ்க்காமலே தளர்த்திக் கழற்றி மாட்டிவைக்கிறேன். தவறா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். டைக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல் இதுதான். நாள் கணக்கில் ஒரே இடத்தில் மடிந்து கிடந்தால் உள்ளே இருக்கும் லைனிங் கசங்கி, அந்த மடிப்பு நிரந்தரமாகிவிடும். கழுத்தின் எண்ணெயும் வியர்வையும் முடிச்சின் முகத்திலேயே சேரும். சென்னை மாதிரி ஊரில் கேட்கவே வேண்டாம்.

சின்ன முனையைப் பிடித்து முடிச்சுக்குள்ளிருந்து வெடுக்கென்று உருவுவதும் கூடாது. கட்டிய வரிசையைப் பின்னோக்கிச் செய்து அவிழ்க்க வேண்டும். அவிழ்த்த டையை ஹேங்கரில் தொங்கவிடுங்கள், பின்னல் டையை மட்டும் சுருட்டி வையுங்கள், தொங்கவிட்டால் நீண்டுவிடும். ஒரே டையை அடுத்தடுத்த நாள் கட்டாமல் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள்.

டையின் பின்பக்கம், பெரிய முனையின் உள்ளே ஒரு நூல் வளையம் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பிசிறு என்று நினைத்துக் கத்தரித்துவிடுகிறார்கள். டை நெடுகிலும் ஓடும் ஒற்றைத் தையலின் கடைசி அது. இழுக்கும்போது டை சற்றே நெகிழ்ந்து கொடுப்பதற்காக வேண்டுமென்றே தளர்வாக விட்டது. வெட்டினால் நாளடைவில் பின்தையல் முழுதும் பிரிந்துவிடும்.

கசங்கினால் அயர்ன் பண்ணலாமா? சாம்பார் பட்டால்?

நேரடியாக அயர்ன் வைத்தால் ஓரங்கள் தட்டையாகி, பட்டு பளபளத்துப் போகும். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி நிறைந்ததும் சிறிது நேரம் டையைத் தொங்கவிடுங்கள், பெரும்பாலான சுருக்கம் போய்விடும். போகாவிட்டால் மேலே பருத்தித் துணி போட்டு, குறைந்த சூட்டில், அழுத்தாமல் ஆவி மட்டும் காட்டுங்கள்.

பட்டில் சாம்பார் பட்டால் தண்ணீர் தொட்டுத் தேய்க்காதீர்கள், கறை பரவுவதோடு தேய்த்த இடமும் வெளுக்கும். காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, அடுத்த நாளே டிரை கிளீனிங் கடையில் கொடுத்து, பட்டது சாம்பார் என்று சொல்லிவிடுங்கள். பாலியஸ்டர் டையின் உறையில் கையால் துவைக்கலாம் என்று போட்டிருந்தால் வீட்டிலேயே குளிர்ந்த நீரில் அலசி, பிழியாமல் துண்டில் பரப்பி நிழலில் காயவைக்கலாம்.